ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸைவிட இறங்கும் பஸ் அதிகமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறுகிறீர்கள். ஏறி முடிக்க இரண்டரை மணி நேரம் பிடிக்கிறது. அதற்குள் எதிரே இறங்கி வரும் பஸ் ஏழு, பின்னாலிருந்து வந்து உங்களைத் தாண்டி ஏறும் பஸ் மூன்று. ஏறக்குறைய எல்லா வாரமும் இப்படித்தான். ஏறிய பஸ்தானே இறங்க வேண்டும், அப்படியென்றால் மிச்சம் நாலு பஸ் மலைக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக ஏறுகிறதா என்று கேட்கிறீர்கள். கூடவே மூன்று உதிரிச் சந்தேகங்கள். எதிர் பஸ் பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவில்தான் வந்து மாட்டுகிறது. மேலே ஏரிக்கரையில் பார்க்கிற மற்ற சைக்கிள்காரர்களை வழியில் பார்ப்பதே இல்லை. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் உங்கள் சித்தி வீட்டு வாசலில் சேலம் பஸ்ஸுக்காக நின்றால் மட்டும் எல்லாம் தலைகீழ்: முதலில் வருவது எப்போதும் ஏறும் பஸ்தான்.

பார்வைக்கு இது பஸ் அட்டவணையைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, நகர்ந்துகொண்டே எண்ணிய எண்ணிக்கையை நம்பலாமா என்ற கேள்வி. சாலையோரம் நாற்காலி போட்டு வண்டிகளை எண்ண வைப்பதும், அந்த எண்களை வைத்துச் சாலைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போடுவதும்தான் பல வருஷமாக என் பிழைப்பு. அதனால் இதற்கு என்னால் கொஞ்சம் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். உறுதியாகச் சொல்ல முடியாத இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

குப்பனூரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக, அரை மணிக்கு ஒரு பஸ் ஓடுகிறது என்று நாமே ஒரு அட்டவணை போட்டுக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து ஏரி வரை 20 கிலோமீட்டர், பஸ்ஸுக்கு ஏற ஒரு மணி நேரம், இறங்கவும் ஒரு மணி நேரம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் விஷயம் மாறாது. அடிவாரத்திலும் மேலேயும் ஒரே நேரத்தில், 5:15, 5:45, 6:15 என்று பஸ் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் 6 மணிக்கு மிதிக்கத் தொடங்கி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 8:30க்கு மேலே போய்ச் சேருகிறீர்கள்.

இப்போது எண்ணுங்கள். நீங்கள் 6 மணிக்குக் கிளம்பும்போது, 5:15க்கும் 5:45க்கும் மேலிருந்து கிளம்பிய இரண்டு பஸ் ஏற்கனவே மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டும் உங்கள் எதிரே வந்தே ஆக வேண்டும். அதற்கப்புறம் 6:15, 6:45, 7:15, 7:45, 8:15க்குக் கிளம்புகிற ஐந்து. மொத்தம் ஏழு. ஏறும் பக்கம் என்ன ஆகிறது? அடிவாரத்தில் 6:15, 6:45, 7:15க்குக் கிளம்புகிற மூன்றும் வழியில் உங்களைப் பிடித்துத் தாண்டிவிடுகின்றன. 7:45 பஸ் மேலே வருவது 8:45க்கு. அதற்குள் நீங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள். 8:15 பஸ்ஸுக்கும் அதே கதை. ஆக மூன்றுதான். காணாமல் போன நாலு பஸ் எது என்று இப்போது கை வைத்துக் காட்டலாம்: நீங்கள் கிளம்பும் முன்பே கிளம்பி எதிரே வந்த இரண்டு, உங்களுக்குப் பின்னால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற இரண்டு. அதே இரண்டரை மணி நேரம் அடிவாரத்து டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தால் ஏறியது ஐந்து, இறங்கியது ஐந்து என்று எண்ணியிருப்பீர்கள்.

இதைச் சூத்திரமாகவே எழுதலாம். எதிரே வருகிற வண்டியை நீங்கள் சந்திக்கிற வேகம் இருவர் வேகத்தின் கூட்டல், 20ம் 8ம் சேர்ந்து 28. பின்னால் வருகிற வண்டி உங்களை நெருங்குகிற வேகம் கழித்தல், 12. எண்ணிக்கையும் அதே விகிதத்தில்தான் வரும்: 28க்கு 12, அதாவது ஏழுக்கு மூன்று. இரண்டு பக்கமும் போக்குவரத்தும் வேகமும் சமமாக இருக்கும்வரை இது உறுதி. இதில் வாதத்துக்கு இடமில்லை.

இந்த விகிதத்தில் உங்கள் வேகம் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 40ல் போகிற மோட்டார் சைக்கிள்களை மட்டும் எண்ணினால் 48க்கு 32, அதாவது மூன்றுக்கு இரண்டு என்று வித்தியாசம் சுருங்கிவிடும். சைக்கிளை விட்டுவிட்டு மணிக்கு 4 கிலோமீட்டரில் நடந்து போய் பஸ்ஸை எண்ணினாலும் 24க்கு 16, அதே மூன்றுக்கு இரண்டுதான். எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள்: நல்ல பைக்கில் பஸ் வேகத்துக்கே ஏறுகிறவரை ஒரு பஸ்ஸும் தாண்டாது. அவர் மேலே போய், “இன்றைக்கு ஏறுகிற பஸ்ஸே ஓடவில்லை” என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் எண்ணியது பஸ்ஸோடு தன் வேகத்தையும் சேர்த்து.

சரி, உங்கள் ஏழும் மூன்றும் இதனால்தான் வந்தது என்று முடித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை என்றால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழ 1024ல் 176 வாய்ப்பு. ஆறு தடவைக்கு ஒரு தடவை சும்மாவே நடக்கிற காரியம் அது. எல்லா வாரமும் ஏறக்குறைய இப்படித்தான் என்கிறீர்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. மூன்று வாரம் சேர்த்து முப்பது பஸ்ஸில் இருபத்தொன்று எதிரே வந்தால், அது வெறும் தற்செயலாக நடக்க நூற்றுக்கு இரண்டுதான் வாய்ப்பு. இதுகூடத் தோராயம்தான். பஸ் அட்டவணைப்படி ஓடுவது, நாணயம் அப்படி இல்லை.

அப்புறம், ஏறிய பஸ்தானே இறங்க வேண்டும் என்று சொன்னீர்கள். நாள் முழுக்க எடுத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் மலை மேலே பஸ் குவிந்துவிடும். ஆனால் காலை 6 மணியிலிருந்து 8:30க்குள் இரண்டும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ராத்திரி மேலேயே தங்கிய பஸ்கள் காலையில் வரிசையாக இறங்கினால், அந்த நேரத்தில் இறங்குவது உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம். சில பஸ் ஒரு வழியாக ஏறி இன்னொரு வழியாக இறங்கினாலும் அப்படித்தான். ஆக, சார்பு வேகமே, அதாவது மேலே பார்த்த கூட்டல் கழித்தல் வேகமே, ஏழுக்கு மூன்றை முழுசாக விளக்கப் போதும் என்பது உறுதி. அது மட்டும்தான் காரணமா என்பதை ஏறும்போது எண்ணிய எண்ணிக்கையிலிருந்து மட்டும் சொல்ல முடியாது.

சொல்ல வைக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் இறங்கும்போதும் எண்ண வேண்டும். மேலே நிற்காமல் 8:30க்கே திரும்பி, சராசரி 30 கிலோமீட்டர் வேகத்தில் 9:10க்கு அடிவாரம் வருகிறீர்கள் என்று வையுங்கள். நம் அட்டவணைப்படி 7:45, 8:15, 8:45க்குக் கிளம்பிய மூன்று பஸ் எதிரே ஏறி வரும். உங்களுக்குக் கால் மணி முன்னால் மேலிருந்து கிளம்பிய 8:15 பஸ்ஸை வழியில் பிடித்துத் தாண்டுவீர்கள். ஏறும் பஸ் மூன்று, இறங்கும் பஸ் ஒன்று! இறக்கத்தை மட்டும் எண்ணுகிற ஒருவர் ‘இறங்குகிற பஸ் எல்லாம் எந்த வழியாகப் போகிறது’ என்று உங்களுக்கு நேர் எதிரான கேள்வியைக் கேட்டிருப்பார்.

இரண்டு பயணத்தையும் இப்படிச் சேர்க்க வேண்டும். ஏறும் பஸ்ஸுக்கு: இறங்கும்போது எதிரே பார்த்த மூன்றையும், ஏறும்போது உங்களைத் தாண்டிய மூன்றையும் கூட்டுங்கள், ஆறு. இறங்கும் பஸ்ஸுக்கு: ஏறும்போது எதிரே பார்த்த ஏழிலிருந்து, இறங்கும்போது நீங்கள் தாண்டிய ஒன்றைக் கழியுங்கள், ஆறு. ஆறுக்கு ஆறு. டீக்கடைக்காரர் 6 மணியிலிருந்து 9:10 வரை உட்கார்ந்து எண்ணியிருந்தால் அவர் கணக்கும் இதேதான்: ஏறியது ஆறு, இறங்கியது ஆறு.

ஏன் இப்படிப் பொருந்துகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் சந்தோஷமாக இருக்கும். நீங்கள் டீக்கடையிலிருந்து கிளம்பி டீக்கடைக்கே திரும்புகிறீர்கள். கிளம்பும்போது இறங்க வேண்டிய பஸ் எல்லாம் உங்களுக்கும் மேலே, டீக்கடைக்கும் மேலே. திரும்பும்போது இறங்கி முடித்தவை எல்லாம் உங்களுக்கும் கீழே, டீக்கடைக்கும் கீழே. இடையில் நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும், எங்கே நின்று மூச்சு வாங்கினாலும், மேலிருந்து கீழே உங்களைக் கடந்த நிகர எண்ணிக்கை டீக்கடையைக் கடந்த எண்ணிக்கையாகத்தான் இருக்க முடியும். அந்த 8:15 பஸ்ஸை மேலே ஏறும்போது எதிரே பார்த்துவிட்டீர்கள், இறங்கும்போது தாண்டிவிட்டீர்கள். டீக்கடைக்கு அது இன்னும் வரவில்லை, 9:15க்குத்தான் வரும். கழித்தல் குறி அங்கிருந்து வருகிறது. பஸ் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் வேறு வேறாக இருந்தாலும் இந்தக் கூட்டல் கழித்தல் கெடாது, அதுதான் இதன் அழகு.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 1954ல் பிரிட்டனில் வார்ட்ராப், சார்ல்ஸ்வொர்த் என்ற இருவர் இதை ஒரு கணக்கெடுப்பு முறையாகவே எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காரில் சாலையின் இரு திசையிலும் போய் வந்து, எதிரே வந்தவை, நம்மைத் தாண்டியவை, நாம் தாண்டியவை மூன்றையும் எண்ணினால் போதும். அந்தச் சாலையில் மணிக்கு எத்தனை வண்டி ஓடுகிறது, அவற்றின் சராசரிப் பயண நேரம் என்ன என்பது இரண்டும் கிடைத்துவிடும். ‘நகரும் பார்வையாளர் முறை’ என்று சிவில் இன்ஜினியரிங் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். ஒரு தடவை போய் வந்த கணக்கை நாங்கள் ஏற்பதில்லை. பல தடவை போய் வந்து சராசரி எடுப்போம்.

இனி உதிரிகள். வளைவுச் சந்தேகத்தில் பாதிதான் உண்மை. ஒரு 30 மீட்டர் நேர்ப்பாதையைக் கடக்க உங்களுக்குச் சுமார் 13 விநாடி, 25ல் வருகிற பஸ்ஸுக்கு 4 விநாடி. கொண்டை ஊசியில் அதே 30 மீட்டருக்கு நீங்கள் 5 கிலோமீட்டர் வேகத்தில் 22 விநாடி, 8ல் திரும்புகிற பஸ்ஸுக்கு 13 விநாடி. அந்தத் துண்டுக்குள் இருவரும் சந்திக்க வாய்ப்பு அந்த இரண்டு நேரத்தின் கூட்டலைப் பொறுத்தது: அங்கே 17 விநாடி, இங்கே 35. ஆக மெதுவான இடத்தில் சந்திப்பு இரட்டிப்பாகும் என்பது சரிதான். மலைப்பாதை விதிப்படி ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பதால், நல்ல டிரைவர் வளைவுக்கு மேலேயே உங்களுக்காக நிறுத்தவும் செய்வார், அது இன்னும் கொஞ்சம் கூட்டும். ஆனால் இருக்கிற வளைவு 20. தலைக்கு 30 மீட்டர் என்றால் மொத்தம் 600 மீட்டர், 20 கிலோமீட்டரில் நூற்றுக்கு மூன்று. இரட்டித்தால் ஆறு, மும்மடங்கானாலும் ஒன்பது. ஏழு பஸ்ஸில் ஒன்றுகூடத் தேறாது. மீதியெல்லாம் ஞாபகம் செய்கிற வேலை என்பது என் ஊகம். நேர்ப்பாதையில் கடந்து போன பஸ்ஸை நீங்கள் மறந்துவிடுகிறீர்கள். பன்னிரண்டாவது வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு முழு ரோட்டையும் அடைத்துத் திரும்பின பஸ் வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணில் நிற்கிறது.

சித்தி வீட்டு வாசல் விஷயம் வேறு ரகம். அங்கே நீங்கள் நிற்கிறீர்கள், உங்கள் வேகம் பூஜ்யம். எண்ணினால் இரண்டும் சமமாகத்தான் வரும். நீங்கள் அங்கே எண்ணவில்லை, முதலில் வருவது எது என்று மட்டும் பார்க்கிறீர்கள். ஏறும் பஸ் வாசலைத் தாண்டுவது 9:09, 9:39, இறங்கும் பஸ் 9:11, 9:41 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9:11க்கும் 9:39க்கும் நடுவில் எப்போது வாசலுக்கு வந்தாலும் முதலில் வருவது ஏறும் பஸ். அரை மணியில் 28 நிமிஷம் அப்படி, 2 நிமிஷம்தான் வேறு மாதிரி. பதினைந்து தடவைக்கு ஒரு தடவைதான் இறங்கும் பஸ்ஸுக்கு யோகம். எண்ணிக்கையில் துளி வித்தியாசம் இல்லை, இடைவெளியில்தான் எல்லாம். இதைச் சோதிக்கச் சுலபமான வழி: ஏறும் பஸ் போன பிறகு சேலம் பஸ் சட்டென்று வந்துவிடுகிறதா? வருகிறது என்றால் காரணம் இதுதான்.

ஒரே ஒரு பஸ்தான் நாள் முழுக்க ஏறி இறங்குகிறது என்றால் இடமே காரணமாகிவிடும். உச்சிக்கு 2 கிலோமீட்டர் கீழே நிற்கிறவருக்கு, 2 மணி நேரச் சுற்றில் பஸ் மேலே இருப்பது 12 நிமிஷம்தான். பத்துக்கு ஒன்பது தடவை அது கீழேயிருந்துதான் வரும். ஜார்ஜ் காமோவ் என்ற இயற்பியலாளரும் மார்வின் ஸ்டெர்னும் 1950களில் ஒரே கட்டடத்தில், ஒருவர் இரண்டாம் மாடியிலும் இன்னொருவர் ஆறாம் மாடியிலும் இருந்தபோது லிஃப்டைப் பற்றி இதே புகாரைச் சொல்லிக்கொண்டார்களாம். கீழே இருப்பவருக்கு எப்போதும் இறங்கும் லிஃப்ட், மேலே இருப்பவருக்கு எப்போதும் ஏறும் லிஃப்ட். ஏற்காட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பஸ் ஓடுவதால் உங்கள் விஷயத்தில் அட்டவணை இடைவெளியையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

சைக்கிள்காரர்கள் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கழித்தல் வேகத்தை மறுபடி பாருங்கள். உங்களைவிடக் கொஞ்சம் மெதுவான ஒருவர், மணிக்கு ஏழரை கிலோமீட்டர், உங்களுக்குக் கால் மணி முன்னால் 5:45க்குக் கிளம்புகிறார். நீங்கள் கிளம்பும்போது அவர் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறார். நீங்கள் அவரை நெருங்குகிற வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர்தான். பிடிக்க கால் மணி குறைய நாலு மணி நேரம், அதாவது 3 மணி 45 நிமிஷம் வேண்டும். மலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அவர் 8:25க்கு மேலே போய் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார், 8:30க்கு நீங்கள் போய்ச் சேருவீர்கள். இரண்டரை மணி நேரம் ஒரே ரோட்டில், ஒரு தடவைகூட முகம் பார்க்காமல். வழியில் யாரைச் சந்திக்கிறோம் என்பதை வேக வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது: வித்தியாசம் கூடினால் சந்திப்பு கூடும், நம்மைப் போலவே போகிறவர் கண்ணில் படமாட்டார். ரோட்டில் போகிற எல்லோரும் ஒன்று பேய் மாதிரி ஓட்டுகிறார்கள் அல்லது நத்தை மாதிரி நகர்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. நமக்குச் சமமான வேகத்தில் போகிற பெருங்கூட்டம் நம் எண்ணிக்கையில் சேர்வதே இல்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் எட்டாவது வளைவில் கால் மணி நேரம் சைக்கிளை நிறுத்திவிட்டு நில்லுங்கள்.

குப்பனூருக்கு வருகிறேன். நாலைந்து ஞாயிறு ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள். மேலே டீ குடிக்கிற நேரத்தில் உங்களைக் கடந்து ஊருக்குள் வருகிற, ஊரைவிட்டுக் கிளம்புகிற பஸ்ஸையும் அந்தந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கையில் பேப்பர் பேனா வேண்டாம், வளைவில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்கட்டும். எண்ணிக்கை மூன்று, ஒன்று என்கிற அளவில்தான் இருக்கும், மனதிலேயே வைத்துக்கொள்ளலாம். விடுமுறைக் கூட்ட நாட்களையும், ஏறுவதற்கு ஒரு வழி இறங்குவதற்கு ஒரு வழி என்று வண்டிகளைத் திருப்பி விடுகிற நாட்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். மேலே சொன்னபடி கூட்டிக் கழித்த பிறகு இரண்டு எண்ணும் ஒன்றை ஒன்று ஒட்டி வந்தால் உங்கள் நாலு பஸ் எங்கேயும் போகவில்லை. வாராவாரம் இறங்கும் பக்கமே இரண்டு மூன்று அதிகமாக நின்றால், அப்போது நேரத்தோடு எழுதி இங்கேயே போடுங்கள், குப்பனூர் பாதையில் ஒரு ஆளை உட்கார வைத்து எண்ணுவதைப் பற்றிப் பேசலாம்.